இருபது விதை, முப்பத்துமூன்று நாற்று

சோழபுரத்தில் மிளகாய் நாற்று விற்றுவந்து, இந்த வருஷம்தான் எலுமிச்சை நாற்றுப் பண்ணை தொடங்கிய ஜெயசித்ரா, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் வைகுண்டராஜின் வீட்டுக்கு வந்தபோது, கையில் போலீசுக்கு எழுதிய புகார் தயாராக இருந்தது.

"எங்கிட்ட வேலை பாக்கிற பால்ச்சாமி விதையைக் களவாண்டுட்டான் சார். ஆயிரம் விதை ஊனி நாப்பது நாளாச்சு, ஒண்ணுகூட முளைக்கல. அதே பழத்து விதை அவன் வீட்டுக் கொல்லையில செழிப்பா நிக்கி. நான் குடுத்தது எண்ணி இருபது. அங்க நிக்கிறது முப்பத்திமூணு! நல்லதை எடுத்துட்டு சொத்தையை வச்சுட்டான்."

"உங்க விதை எங்க இருந்துச்சு?"

"நாலு நாள் மாடி வெயில்ல கலகலன்னு காயவச்சு, சாம்பல் போட்டு டப்பால பூட்டி வச்சிருந்தேன். மொளகா விதைக்கு எங்க வீட்டுப் பக்குவம் அதுதான்."

உதவியாளர் ஷெரின் துள்ளி எழுந்தாள். "கள்ளச்சாவி சார்! டப்பால கைரேகை எடுத்துருவோமா?" கைரேகை என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"செத்த நேரம் பொறு. முதல்ல நாத்தைப் பாப்போம்."

மூவரும் போனபோது பால்ச்சாமி தன் வீட்டுக் கொல்லையில் கலங்கிப்போய் நின்றார். அவர் மகள் ஆனந்தவல்லி போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். அப்பன்மேல் திருட்டுப் புகார் இருந்தால் அந்த வேலை கோவிந்தாதான்.

"இருபதுதான் சார். பிழிஞ்ச ஈரத்தோட அன்னைக்கே ஊனிட்டேன்."

ஷெரின் எண்ணினாள். முப்பத்துமூன்றேதான். வைகுண்டராஜ் ஒட்டி நின்ற இரண்டு நாற்றுகளை மண்ணோடு பெயர்த்துத் தண்ணீரில் அலசினார். அடியில் இருந்தது ஒரே விதை.

"எலுமிச்சையில ஒரு விதைக்கு ரெண்டு மூணு நாத்துகூட வரும். நாத்தை விடு, அது முளைச்ச இடத்தை எண்ணு."

"பதினெட்டு சார்!"

"ரெண்டு முளைக்கல. கணக்கு சரியாப் போச்சு."

"அப்போ என் விதை?" என்றாள் ஜெயசித்ரா.

"அதை யாரும் மாத்தலம்மா. மொளகா விதை காயணும். எலுமிச்சை விதையை ஈரம் போறதுக்குள்ள ஊனணும். சருகாக் காஞ்சா உசுரு போயிரும். நாலு நாள் வெயில்ல போட்டுக் கொன்னது நீங்கதான்."

ஜெயசித்ராவுக்கு முகம் செத்துப்போயிற்று. புகாரைக் கிழித்துப் போட்டாள். "மன்னிச்சிருங்க அண்ணே. அப்பவே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னேன்மா. 'விதையைப் பத்தி எனக்கே சொல்லுதியா'ன்னு ஏசுனிய."

"நாளைக்கு வேலைக்கு வந்துருங்க அண்ணே."

பால்ச்சாமி பெயர்த்த நாற்றை மறுபடி மண்ணில் நட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எம் மக வேலை தப்பிச்சது, அது போதும். களவாணின்னு எழுதுன கையில கூலி வாங்க எனக்கு மனசு வரலம்மா."