நாற்பத்தொன்றாம் எண் கல்

டிரிங்... டிரிங்...

போனை எடுத்தார் சிலுவைராஜ். கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியின் விஞ்ஞான வாத்தியார். பேசியது இன்ஸ்பெக்டர் திருமலைச்சாமி.

"சார், கூக்கால் ஊரு மாடசாமி செத்துட்டான். குழி தோண்டுறப்ப மண்ணு சரிஞ்சு மூடிருச்சு. கையில ஒரு நீலக் கலர் கல்லு. முதல்ல உங்ககிட்டதான் காட்டுனானாம், அவன் பொஞ்சாதி சொல்லுது. வெரசா வாரேன்."

ஜனவரிக் குளிரில் ரிசீவர் வியர்வையில் வழுக்கியது!

பத்து நாளைக்கு முன் மாடசாமி ஒரு கல்லோடு வந்தான். உருளைக்கிழங்குக் காட்டில் கிடைத்ததாம். சிலுவைராஜ் ஜன்னல் கண்ணாடியில் கீறினார். கோடு விழுந்தது. விலை உயர்ந்த நீலக்கல்லேதான் என்று முடிவு கட்டினார்.

மாடசாமியிடம் மட்டும் வெறும் கல் என்றார். இன்னும் ஆழமாகத் தோண்டினால் நல்லது கிடைக்கலாம் என்றும் சொன்னார். கிடைத்தால் தன்னிடம்தானே வருவான்...

அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் கல்லை மாற்றிவிட்டார். பதிலுக்கு வைத்தது, பழைய பாதிரியார் சேகரித்த கற்கள் உள்ள பள்ளி அலமாரியிலிருந்து, மலிவான கல் என்று அவர் லேபிள் எழுதி வைத்திருந்த ஒரு நீலத் துண்டு.

ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டரோடு மதுரை நகை மதிப்பீட்டாளர் பொன்னுவேல். பின்சீட்டில் மாடசாமியின் மனைவி வடிவு. அழுது ஓய்ந்த முகம்.

கல்லை மேஜையில் வைத்தார்கள்.

அடியில் ஒரு வெள்ளைப் பெயிண்ட் பொட்டு. அதில் 41. சிலுவைராஜின் கையெழுத்து!

அலமாரிக் கல் ஒவ்வொன்றுக்கும் எண் போடுவது அவர் வழக்கம். அவசரத்தில் சுரண்ட மறந்துவிட்டார். சோதித்த அடையாளம் என்று மாடசாமி நினைத்திருப்பான்.

பொய் சொல்லிவிடலாம். ஜன்னல் வழியே வடிவு தெரிந்தாள்... முடியவில்லை.

"நான்தான் மாத்துனேன். அவனோட நீலக்கல்லு இந்தா இருக்கு. அந்தம்மாகிட்டயே குடுத்துருங்க. தோண்டச் சொன்னதும் நான்தான். அவனைக் கொன்னது நான் சார்."

பொன்னுவேல் 41-ஐ எடுத்து மாடசாமியின் கல்லைக் கீறினார். கோடு விழுந்தது. மாற்றிக் கீறினார். 41-இல் ஒன்றுமே விழவில்லை.

"கண்ணாடியைக் கீற சாதாரணக் கல்லே போதுங்க, வாத்தியாரே. மாடசாமி கல்லு மலையில சும்மா கெடக்கிறது. 41தான் அசல் நீலக்கல்லு. வீடு ரெண்டு வாங்கலாம்."

பாதிரியாரின் லேபிளை சிலுவைராஜ் ஒரு நாளும் சோதித்ததில்லை.

வெறும் கல் என்று அவர் சொன்ன பொய், உண்மை! அதோடு வாயை மூடியிருந்தால் மாடசாமி வீட்டுக்குப் போய்க் கிழங்கு நட்டிருப்பான். சிலுவைராஜ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இன்ஸ்பெக்டர் இரண்டு கல்லையும் கைக்குட்டையில் முடிந்தார்.

"அவன்கிட்ட ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணு... ரெண்டு தடவை திருடியிருக்கீங்க. ஒரு தடவையாவது பாத்துத் திருடியிருக்கக் கூடாதா, சார்?"