தாவத் தெரியாத தேவாங்கு

அந்த வீட்டில் சின்னவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. தேவாங்கு. வைத்தவன் அண்ணன். ஒல்லிக் கை, ஒல்லிக் கால், முகத்தில் பாதி கண். பட்டப்பெயர் வைக்க இது போதாதா? அவள் சாப்பாட்டுத் தட்டின் முன் கொஞ்சம் யோசனையாக உட்கார்ந்தாலும், "என்ன, தேவாங்கு மாதிரி முழிக்கிற?" என்று ஆரம்பித்துவிடுவான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அண்ணன் ஒரு தேவாங்கைக்கூட நேரில் பார்த்ததில்லை. இத்தனைக்கும் பின்வாசலைத் திறந்தால் தார்ச்சாலை. சாலைக்கு அந்தப் பக்கமும் காடு, இந்தப் பக்கமும் காடு. ஒரே காடாக இருந்ததுதான். நடுவில் சாலை வந்து இரண்டாக்கிவிட்டது. அம்மாவுக்கு வனத்துறை நாற்றுப் பண்ணையில் வேலை. இந்தக் காட்டுத் தேவாங்குகளை இப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று காவலர்கள் பேசிக்கொண்டதை அம்மா ஒருநாள் வருத்தமாகச் சொன்னாள்.

சின்னவள் அதைப் பார்த்தது ஒரு சாயங்காலம். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தவள் தற்செயலாக நிமிர்ந்தாள். சாலைக்கு இந்தப் பக்கத்து மரமும் அந்தப் பக்கத்து மரமும் மேலே கிளை கோத்து நின்றன. அந்தக் கிளையில், ஒரு சாண் நீள உருவம் ஒன்றின் இரண்டு வட்டக் கண்கள் அவளைப் பார்த்தன. வயிற்றை ஒட்டி ஒரு குட்டி வேறு.

ஒரு கையை நீட்டி அடுத்த குச்சியைப் பிடித்தது. பிடி சரியா என்று பார்த்தது. அப்புறம்தான் இந்தக் கையை விட்டது. நடுவில் ஓரிடத்தில் குச்சிகளுக்கு இடையே சின்ன இடைவெளி. குரங்காக இருந்தால் ஒரே தாவு. இது தாவவில்லை. திரும்பி வந்து, வேறு குச்சியைத் தேடிப் பிடித்துப் போனது. அது அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் சின்னவளுக்குக் கழுத்து வலித்துவிட்டது. அம்மா மூன்று தடவை கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

உள்ளே ஓடி வந்து, தேவாங்கைப் பார்த்ததாகச் சொன்னாள். "கண்ணாடியப் பாத்திருப்ப" என்றான் அண்ணன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா ஒரு சேதி சொன்னார். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். மழைக்காலம் வருகிறது, கம்பியை ஒட்டி நிற்கும் கிளைகளையெல்லாம் வெட்ட வேண்டும், நாளைக்கு நம் வீட்டுப் பின்பக்கம்தான் என்றார். சின்னவள் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள்.

"அப்பா, அந்த ரெண்டு மரத்த மட்டும் விட்டுடுங்கப்பா. தேவாங்கு குட்டியோட அது வழியாத்தான் சாலையத் தாண்டுது."

விட முடியாது என்று அப்பா பொறுமையாகச் சொன்னார். போன மழையில் கிளை விழுந்து கம்பி அறுந்தது. சாலையில் நின்ற மாடு செத்துப்போனது. பின்னால் வந்த மனிதர் மயிரிழையில் தப்பினார். ஆஸ்பத்திரி விடிய விடிய இருட்டில் கிடந்தது. அப்பா சொல்வதும் நியாயம், அந்தக் குட்டியின் பக்கமும் நியாயம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

அப்பா ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. "சரி, அழாத. கிளைக்குப் பதிலா கயிறு கட்டித் தரேன். கம்பிக்கு நல்லாக் கீழ, லாரிக்கு மேல. போதுமா?" என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் கிளைகளை வெட்டியதும், இந்த மரத்திலிருந்து அந்த மரத்துக்குத் தடித்த கயிறு ஒன்றை இழுத்துக் கட்டினார். அப்பாவின் வேலை எப்போதும் படுசுத்தம். முடி வெட்டிவிட்டது போல, கயிற்றைச் சுற்றி ஒரு இலை இல்லாமல் கழித்துவிட்டிருந்தார். கூட வேலை செய்தவர்கள் நின்று பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

இருட்டும் நேரம் சின்னவளும் அண்ணனும் பின்வாசலில் காத்திருந்தார்கள். அந்தப் பக்கத்து மரத்தில் தேவாங்கு வந்தது. அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். இலை இருக்கும் கிளையின் நுனி வரை வந்து அது கையை நீட்டியது. எட்டவில்லை. கயிறு ஒரு முழம் தள்ளி, மொட்டையாகக் கழித்த நடுமரத்தில் கிடந்தது. அவ்வளவு தடித்த மரத்தைக் கட்டிப் பிடிக்கவும் அதன் கை போதாது. மறுபடி நீட்டியது. மறுபடியும் எட்டவில்லை.

"தாவ வேண்டியதுதானே" என்றான் அண்ணன்.

"அதுக்குத் தாவத் தெரியாதுண்ணா."

தேவாங்கு திரும்பியது. மரத்தில் படர்ந்த கொடிகளைப் பிடித்து மெல்ல மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. சாலையில் இறங்கி நடக்கப் போகிறது என்று சின்னவளுக்குப் புரிந்தது. சாலைத் திருப்பத்தில் ஒரு லாரியின் வெளிச்சம் தெரிந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

கிளை வெட்டும்போது சாலையில் காட்ட வைத்திருந்த சிவப்புக் கொடியோடு அப்பா ஓடினார். லாரி கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டித் திட்ட வாயெடுத்தவர், அப்பா காட்டிய இடத்தைப் பார்த்ததும் விளக்கை அணைத்தார். குட்டியைச் சுமந்துகொண்டு தேவாங்கு தாரில் கை வைத்தது, கால் வைத்தது. அதற்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. ஊர்வலம்கூட இதைவிட வேகமாகப் போகும் என்று ஓட்டுநர் முணுமுணுத்தார். ஆனால் இஞ்சினை மட்டும் கிளப்பவில்லை. அது புல்லுக்குள் போன பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"இன்னிக்கு நீங்க இருந்தீங்க, சரி. நாளைக்கு?" என்று கேட்டுவிட்டு ஓட்டுநர் போய்விட்டார்.

அப்பா கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். "குரங்கு மாதிரிதானே, தாவிடும்னு நெனச்சுட்டேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"ஒரு கைய விடறதுக்கு முன்னாடி இன்னொரு கைக்கு ஏதாவது வேணும்ப்பா. அதுக்கு அவ்வளவுதான் வேணும்" என்றாள் சின்னவள். வெட்டிப்போட்ட கிளையையே கயிற்று நுனியில் கட்டலாமா என்று அவளே கேட்டாள். அது காய்ந்தால் ஒடிந்துவிடும் என்றார் அப்பா. அவள் யோசித்தாள். யோசிக்கும்போது சடை நுனியைப் பிரித்துப் பிரித்துப் பின்னுவது அவள் பழக்கம். கை சட்டென்று நின்றது.

"அப்பா, கயிறும் மூணு புரிதானே? நீளமாக் கட்டி, நுனிய என் சடை மாதிரி பிரிச்சு விட்டுடலாம். ஒவ்வொரு புரியையும் ஒவ்வொரு குச்சியில, இலைக்குள்ள கொண்டுபோய்க் கட்டிடுங்க."

அப்பா அவளைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். "அட" என்றார்.

விடிந்தும் விடியாமலும் வேலை ஆரம்பித்தது. கயிற்றைப் பிரித்துப் பிரித்து அண்ணன் கையில் கொப்புளம் வந்தது. ஆனாலும் கடைசிப் புரி வரை அவன் நிறுத்தவில்லை. அப்பா இரண்டு மரத்திலும் ஏறி, புரிகளை இலைகளுக்குள் நுழைத்துக் கட்டினார். கூட வேலை செய்பவர் ஒருவர் அந்த வழியாக வந்து, என்ன இவ்வளவு கோணல்மாணலாக இருக்கிறது, உங்கள் வேலையா இது என்று கேட்டார். அதில் போகிற தேவாங்குக்குப் பிடித்தால் சரி என்று அப்பா மரத்திலிருந்தே பதில் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அண்ணன் விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்கார ஆரம்பித்தான். வேறு எங்காவது சாலையில் இறங்கியிருக்குமோ என்று சின்னவளுக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் இந்தப் பக்கத்து இலைகள் அசைந்தன. ஒரு ஒல்லிக் கை வெளியே வந்தது. புரியைப் பிடித்தது. இழுத்துப் பார்த்தது. அடுத்த கையும் வந்தது. அம்மாவும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். நான்கு பேரும் அசையாமல் நின்றார்கள்.

கயிற்றின் நடுவுக்கு வந்தபோது கீழே ஒரு பஸ் கூட்டத்தோடு இரைந்துகொண்டு போனது. கயிறு ஆடியது. தேவாங்கு குட்டியோடு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. ஆட்டம் நிற்கும் வரை காத்திருந்து, மறுபடி ஒரு கையை நீட்டியது.

அப்பா கேட்டும் கேட்காத குரலில் மேலே பார்த்துச் சொன்னார்: "மெதுவாவே போம்மா. ஒண்ணும் அவசரமில்ல."