கிணறு இனிக்குது... நாற்று கருகுது...

டமால்!

அந்தச் சத்தத்தில் அவள் கையிலிருந்த கீரைக்கட்டு நழுவியது. தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் எழுந்த புழுதியைக் கடற்காற்று அள்ளிக்கொண்டு வந்து நேராக அவள் முகத்தில் அப்பியது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால்... சற்று முன்வரை நின்றுகொண்டிருந்த பக்கத்து மனையின் மதிலில் இருபதடி நீளத்தைக் காணோம்! எங்கே போயிற்று? அவளுடைய கத்திரி நாற்றுகளின் மேல் மல்லாந்து படுத்துக் கிடந்தது.

இடிபாட்டுச் சரிவில் ஒரு மஞ்சள் தலைக்கவசம் உருண்டு வந்தது. அதைத் துரத்திக்கொண்டு அதன் சொந்தக்காரன் வந்தான்.

"யாராவது உள்ளே மாட்டிக்கிட்டாங்களா?"

"மாட்டிக்கிட்டாங்க."

"ஐயோ! எத்தனை பேரு?"

"நானூறு பேரு."

அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கைபேசியை எடுக்கப் போனவன், அவள் விரல் நீண்ட திசையைப் பார்த்தான். செங்கற்களுக்கு நடுவே ஒரு பச்சை இலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"நாத்தா...! அப்பாடா, மனுஷங்க இல்லையே."

"அப்பாடாவா? நீங்க இப்ப மிதிச்சுட்டு நிக்கிறது நானூத்தி ஒண்ணாவது. காலை எடுங்க முதல்ல!"

எடுத்தான். எடுத்த காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றான். இமைகளில் செங்கல் தூசி... அதற்குள் திருதிருவென்று விழிக்கும் இரண்டு பெரிய கண்கள். கோபப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பை அடக்கப் போய், அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அழுகைக்குக் காரணம் இருந்தது. மூன்று பக்கமும் அடுக்குமாடிகள் நெருக்கி நிற்க, நடுவில் மிஞ்சியிருந்த ஒன்றரை ஏக்கர் அது. நான்காவது பக்கத்திலும் இப்போது தரைக்கடியில் வண்டி நிறுத்தப் பெரிய பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கம்பெனி இந்தத் தோட்டத்தையும் கேட்டு, தரகரை மாதம் இரண்டு முறை அனுப்பியது. முழங்கால் வலியோடு மல்லுக்கட்டும் அப்பா, ஒரே ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "இந்த ஒரு போகம் பார்ப்போம்மா. கத்திரி காய்ச்சா இருப்போம். இல்லேன்னா கையெழுத்துப் போட்டுடுவேன். என்னைக் குறை சொல்லக் கூடாது."

அந்தக் கத்திரியின் மேல்தான் மதில் விழுந்திருந்தது.

"கம்பெனியில சொல்லி நஷ்டஈடு..." என்று தொடங்கினான் அவன்.

"கம்பெனி வந்து நாத்து நடுமா? மிச்ச நாத்து பாத்தியில இருக்கு. நீங்க நடுங்க. நானூத்தி ஒண்ணு."

"நானா? நான் இன்ஜினியருங்க!"

"அதான் மதிலைப் பார்த்தாலே தெரியுதே."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவன் வந்து நின்றபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. சும்மா வரவில்லை... அளவு நாடா, நூல், குமிழ் மட்டம் எல்லாம் எடுத்து வந்திருந்தான். நூல் கட்டி, அளந்து, குழி தோண்டி, நாற்றை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். அரை மணியில் ஒன்பது நாற்று.

"நாத்து நடறீங்களா, தூண் நிறுத்தறீங்களா?"

"சாயக் கூடாதுல்ல?"

"சாஞ்சாலும் நாளைக்கு அதுவே நிமிரும். மதில் மாதிரி இல்ல."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போனது. 'எதுக்கு இப்ப நான் அதைக் கவனிக்கிறேன்?' என்று தன்னையே அதட்டிக்கொண்டு அவள் கிணற்றுப் பக்கம் நடந்தாள். வழக்கம்போல ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டு, கண்ணை மூடி, நாக்கில் உருட்டிப் பார்த்துத் துப்பினாள்.

"அது என்ன, மருந்தா?"

"உப்பு ஏறியிருக்கான்னு பார்க்கிறேன். கடல் பக்கத்துல இருக்குல்ல. இந்தத் தோட்டத்துக்கு என் நாக்குதான் மீட்டர்."

"ஓ... திட்டறதுக்கு மட்டும்தான்னு நினைச்சேன்."

இப்படியே பத்து நாள். 'மஞ்சத் தொப்பி' என்று அவள் கூப்பிட, 'கீரை மேடம்' என்று அவன் கூப்பிட... நானூற்று ஒன்றாவது நாற்றை நட்டு முடித்த காலையில் அவன் நூலைச் சுற்றவே வெகுநேரம் எடுத்துக்கொண்டான். வேலை முடிந்தது. இனி அவன் எதற்கு வர வேண்டும்? நானூறு என்று சொன்னோமே, எண்ணூறு என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் பயமாக இருந்தது.

ஆனால் அவன் வந்தான். ஏழு மணிக்கு அவள் ஸ்கூட்டரில் கீரைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு அடுக்குமாடிகளுக்குப் போய், ஒன்பது மணிக்குத் திரும்பும்போது, இடிந்த மதிலோரம் ஏதோ அளப்பதுபோல நிற்பான். அவள்தான் நிற்க முடியாமல் ஓடுவாள். மோட்டாரைப் போட்டு, மடை திருப்பி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டி முடிக்கவே வெயில் உச்சிக்கு வந்துவிடும்.

அப்புறம் ஒருநாள், அவள் திரும்பி வந்தபோது கத்திரி மேடை முழுக்க ஈரமாக இருந்தது. 'அப்பா கட்டிட்டார் போல... கால் வலி தேவலை போல' என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாளும் ஈரம். அதற்கடுத்த நாளும். அவளுக்கு அரை மணி மிச்சமாயிற்று. அந்த அரை மணியை எங்கே செலவழித்தாள் என்று அவளுடைய அண்ணிக்குத் தெரியும்.

ஒருநாள் திடீரென்று தூறல். இருவரும் மோட்டார் கொட்டகைக்குள் ஓடினார்கள். தகரக் கூரையில் மழை கடுகாகப் பொரிந்தது. அவன் நெற்றியிலிருந்து ஒரு துளி இறங்கி, புருவத்தில் தயங்கி, இமையில் தொங்கியது. விழுமா, விழாதா... அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைச் சிமிட்டினான். துளி விழுந்தது. அவளுக்குள்ளும் ஏதோ விழுந்தது.

"என்ன பார்க்கறீங்க?"

"மழை... மழையைப் பார்க்கிறேன்."

"மழை அந்தப் பக்கம் பெய்யுதுங்க."

மறுநாள்தான் அவள் அதைப் பார்த்தாள். கத்திரி இலைகளின் ஓரம், தீயில் காட்டியதுபோல் கருகியிருந்தது. நாலு நாளில் பாதி நாற்று தலையைத் தொங்கப் போட்டது. மேடை மண்ணில் மெல்லிய வெள்ளைப் பூச்சு.

உப்பு! கிணற்றுக்கு ஓடினாள். அள்ளினாள். சுவைத்தாள். இனித்தது. மறுபடி அள்ளினாள். மறுபடியும் இனித்தது. கிணறு இனிக்குது... நாற்று கருகுது... இது எப்படி?

அப்பா ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். "உப்புதாம்மா. கண்ணுக்கே தெரியுது."

"தண்ணி நல்லாருக்குப்பா! நீங்களே குடிச்சுப் பாருங்க."

"மாத்திரை தின்னு தின்னு என் நாக்குதான் செத்துப்போச்சே. உன் நாக்கை நம்பித்தான் இருந்தேன். உனக்கு என்ன ஆச்சு?"

"அவ நாக்கு எங்க மாமா இங்க இருக்கு?" என்றாள் அண்ணி. "நேத்து சாப்பாட்டுல நான் உப்பே போடல. ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டா."

உண்மையா? மனசு எங்கேயோ இருந்தால் நாக்குகூடப் பொய் சொல்லுமா? பதினைந்து வருஷமாக ஏமாற்றாத நாக்கு!

ஒன்பது மணிக்கு மதிலோரம் அவனிடம் புலம்பினாள். "கிணறு இனிக்குதுங்க, நாத்து சாகுது. ஒண்ணுமே புரியல. உப்புத் தண்ணி எங்கிருந்து வருது?"

அவன் முகம், முதல் நாள் வெளுத்ததுபோல வெளுத்தது. பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "நான்... வரேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்து போய்விட்டான்.

அவ்வளவுதான். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

"கம்பெனிக்காரன்தானே?" என்றாள் அண்ணி, கீரை ஆய்ந்தபடி. "தோட்டம் எப்பக் காயும்னு பார்த்துட்டு வரச் சொல்லியிருப்பாங்க. காஞ்சாச்சு. வேலை முடிஞ்சுது."

"அவரு அப்படிப்பட்டவரு இல்ல."

"அவரா! தொப்பி எப்ப அவரு ஆச்சு?"

அவள் எழுந்து போனாள். அண்ணி சொன்னது உண்மையாக இருக்குமோ? நாற்று நட்டது, சிரித்தது, மழையில் நின்றது... எல்லாம் வேவு பார்க்கத்தானா? அப்படியென்றால் ஏன் அந்த முகம் வெளுத்தது? வெறுக்க வேண்டியவனைத் தேடி ஏன் கண் மதிலோரம் போகிறது? நூல்கண்டைப் பூனையிடம் கொடுத்ததுபோல் ஆயிற்று அவள் மனசு. 'வந்தாலும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன்' என்று வைராக்கியம் வைத்தாள்.

மூன்றாம் நாள் காலை தரகர் வந்தார். கூடத்து மேசையில் தாள்களைப் பரப்பினார். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மகளைப் பார்க்காமல் பேனாவை எடுத்தார்.

"உப்பு ஏறின நிலத்துல என்னம்மா வைப்ப நீ? சொல்லு, வெச்சுடலாம்."

கிணறு நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் எடுத்தாள். அவளுக்கே அவள் நாக்கின் மேல் நம்பிக்கை இல்லை.

"ஐயா, கையெழுத்துப் போடாதீங்க!"

வாசலில் அவன். தலையில் தொப்பி இல்லை. மூச்சு வாங்கியது. கையில் ஒரு பாட்டில் தண்ணீர், கண்ணாடி மாதிரி தெளிவாக.

"தம்பி, உங்களை வேற சைட்டுக்கு மாத்தியாச்சே, இங்க என்ன?" என்று தரகர் முறைத்தார்.

அவன் அவரைப் பார்க்கவில்லை. பாட்டிலை அவளிடம் நீட்டினான். "ஒரு சொட்டு... ப்ளீஸ்."

வைராக்கியம் தடுத்தது. கை வாங்கிக்கொண்டது. நாக்கில் பட்டதும் முகத்தைச் சுளித்துத் துப்பினாள். "தூ... உப்பு!"

"உங்க நாக்கு சரியாத்தாங்க இருக்கு. இது எங்க பள்ளத்துத் தண்ணி. ஊறி ஊறி வரும். மோட்டார் வெச்சு எடுத்துத் தெருச் சாக்கடையில விடுவோம். அது வீணாப் போகுதேன்னு, நீங்க கீரை விக்கப் போற நேரத்துல குழாயை உங்க வாய்க்காலுக்குத் திருப்பி விட்டேன். நான்தான்."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்ப... நீங்க தண்ணி கட்டலையாப்பா?"

"நான் எங்கம்மா கட்டினேன்? நீதான் போறதுக்கு முன்னாடி கட்டிட்டுப் போறேன்னு நினைச்சேன்."

"பக்கத்துப் பக்கத்துல தானே இருக்கு, ரெண்டும் ஒரே தண்ணின்னு நினைச்சுட்டேன் ஐயா," என்றான் அவன்.

"மேல இருக்கிறது மழை கொடுத்த தண்ணி தம்பி. மணல்ல மிதந்துட்டு இருக்கும். ஆழமாத் தோண்டினா கடல்தான். அதனாலதான் எங்க கிணத்தை யாரும் ஆழப்படுத்தல." அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நம்ம கிணறு..."

"கிணறு நல்லாருக்குங்க. சோதனைக்குக் கொடுத்து எழுதியே வாங்கிட்டேன். மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லப் போனேன். 'உப்புன்னே நினைக்கட்டும், நமக்கு நல்லதுதானே, வாயை மூடு'ன்னாரு."

தரகர் தாள்களைச் சேர்க்கத் தொடங்கினார். "தம்பி, வேலை போயிடும்."

"காலையில போயிடுச்சுங்க."

அப்பா பேனாவை மூடினார். அவனை மேலும் கீழும் பார்த்தார். "அது சரி... உதவி செய்யறவன் சொல்லிட்டுச் செய்ய மாட்டியா? எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு தண்ணி கட்டின?"

அவன் தரையைப் பார்த்தான். காது மடல் சிவந்தது. "அவங்களுக்குத் தண்ணி கட்டற வேலை இல்லேன்னா... என்கூட அரை மணி பேசுவாங்களேன்னு..."

அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். தரகர் இருமினார்.

அவள் யாரையும் பார்க்காமல் விடுவிடுவென்று வெளியே நடந்தாள். கத்திரி மேடையருகே போய் நின்றாள். நானூற்று ஒன்றில் இருநூறுகூட மிஞ்சாது. கோபமா? ஆமாம். இவன் செய்த காரியத்துக்குக் கோபப்படாமல் என்ன செய்ய? ஆனால் சிரிப்பும் வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. எது எதற்கென்று பிரிக்கத் தெரியவில்லை.

பின்னால் காலடி தயங்கி நின்றது.

"ஏழு நாள் கிணத்துத் தண்ணி விட்டு மண்ணைக் கழுவணும்," என்றாள் திரும்பாமல். "உப்பு இறங்கினப்புறம் மறுபடி நடணும். நீங்கதான்."

"நடறேன். வேற வேலையும் இல்ல." கொஞ்சம் பொறுத்துக் கேட்டான். "ரொம்பக் கோபமா?"

"தெரியல."

"என்னை வெறுத்துட்டீங்களா?"

"தெரியலைங்க... எனக்கே ஒண்ணும் புரியல." அவள் திரும்பினாள். ஈரக் கண்கள் நேராக அவன் கண்களில் நின்றன. "ரெண்டு நாளா இங்க என் நாத்து ஒண்ணொண்ணா செத்துட்டிருந்துச்சு... நான் அதைப் பார்க்கவே இல்ல, நீங்க வர்ற வழியைத்தான் பார்த்துட்டிருந்தேன்."