கதவில் ஒரு சாக்பீஸ் கோடு

மாலையானால் ரயில்கள் ஓய்வெடுக்க வரும் இடம் ஒன்று இருந்தது. அதன் வேலியை ஒட்டினாற்போல் கடுகின் வீடு.

கடுகு என்பது அண்ணன் வைத்த பட்டப்பெயர். வகுப்பிலேயே குள்ளமானவள் அவள்தான். உயரத்துக்கும் வாய்க்கும் ஏன் சம்பந்தமே இல்லை என்று அவன் அடிக்கடி கேட்பான்.

அம்மாவுக்கு அந்த ரயில்களிடம்தான் வேலை. நீளக் கைப்பிடிச் சுத்தியலால் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். நல்ல சக்கரம் மணிபோல நீளமாக ஒலிக்கும். உள்ளே கீறல் விழத் தொடங்கியிருந்தால் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். அந்தப் பெட்டியை ஓரத் தண்டவாளத்துக்குக் கொண்டுபோய், பார்த்துச் சரிசெய்து, மறுபடி ஊர் சுற்ற அனுப்புவார்கள்.

பனி இறங்கும் மாலைகளில் அந்தச் சத்தம் மிதந்துகொண்டு ஜன்னலுக்குள் வரும். சக்கரங்கள் தாங்கள் போய்வந்த கடல்களையும் மலைகளையும் பற்றிச் சொல்கின்றன என்று கடுகு நினைத்துக்கொள்வாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அறை மெல்ல நகரத் தொடங்கிவிடும்.

அண்ணனுக்கும் ஒரு சத்தம் உண்டு. மாடிப்படி ஏறும்போது சீட்டியடிப்பான். அவன் வருவது அவனுக்கு முன்பே வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

கொஞ்ச நாளாக அந்தச் சீட்டியைக் காணோம். கதவு திறக்கும், பை விழும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அம்மாவிடம் சொன்னபோது, பெரிய வகுப்பு, படிப்பு அதிகம், அவனைத் தொந்தரவு செய்யாதே என்றார். அண்ணனிடம் கேட்டால் ஒன்றுமில்லை என்றான். அந்த ‘ஒன்றுமில்லை’ சட்டென்று அடங்கியது.

அன்று சாப்பிடும்போது கடுகு கரண்டியால் அவன் முழங்காலைத் தட்டிவிட்டு, குனிந்து காதை வைத்தாள். முன்பானால் ரயில்போலக் கூவி அவளைத் திடுக்கிட வைத்திருப்பான். இப்போது காலை மட்டும் நகர்த்திக்கொண்டான்.

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அம்மாவின் பழைய வேலைப்பையிலிருந்து சாக்பீஸ் துண்டு ஒன்றை எடுத்தாள். அண்ணனின் அறைக்கதவில், தன் கை எட்டிய உயரத்தில், ஒரு கோடு போட்டாள்.

அந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கோட்டின் அர்த்தம் தெரியாதா? பார்த்ததும் அவன் முகம் சிவந்தது.

“நான் என்ன உடைஞ்ச சக்கரமா?”

கதவைப் படாரென்று சாத்தினான்.

கடுகுக்கு அழுகை வந்தது. ஆனால் நகரவில்லை. கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே அம்மாவின் சுத்தியல் தூரத்திலிருந்து ஒலித்துக்கொண்டிருந்தது.

“உடைஞ்ச சக்கரத்துக்கு அம்மா கோடு போட மாட்டாங்கண்ணா,” என்றாள் கதவிடம். “அத நேரா கழட்டிடுவாங்க. சத்தம் மாறினதுக்குத்தான் கோடு.”

தூரத்துச் சக்கரம் ஒன்று நீளமாகப் பாடி ஓய்ந்தது.

பிறகு கதவின் அந்தப் பக்கத்திலும் யாரோ சாய்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. அண்ணன் மெல்லச் சொன்னான். காலையில் எழுந்தால் நெஞ்சின்மேல் ஏதோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறதாம். நண்பர்கள் பேசுவது தண்ணீருக்கடியிலிருந்து கேட்பதுபோல் இருக்கிறதாம். சண்டை இல்லை, மார்க் குறையவில்லை. காரணமே இல்லாத ஒன்றை எப்படிப் போய்ச் சொல்வது?

“சக்கரத்துகிட்ட அம்மா காரணமா கேக்கறாங்க?” என்றாள் கடுகு.

அம்மா வேலை முடிந்து வந்தபோது, அறைக்கதவு திறந்திருந்தது. இருவரும் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கோட்டைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். கையில் இருந்த கிரீஸைக்கூடக் கழுவாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணன் சொல்லி முடிக்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“பெருசா ஏதாவது ஆனா சொல்லிக்கலாம்னு இருந்தேம்மா.”

“பெருசான பிறகு பாக்கறதுக்கா நான் சுத்தியலத் தூக்கிட்டு நடக்கறேன்?” என்றார் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, “இவ சொன்னப்பவே நான் காது குடுத்திருக்கணும்,” என்றார்.

அண்ணனின் பள்ளியில், பிள்ளைகளோடு பேசுவதற்கென்றே ஓர் அக்கா இருந்தார். நூலகத்தை ஒட்டிய சின்ன அறை. அம்மாவும் அண்ணனும் போய் அவரைப் பார்த்தார்கள். அதன்பின் அண்ணன் தானாகவே அங்கே போய் வந்தான். சில நாள் நிறையப் பேசினார்களாம், சில நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்களாம். அந்த அறையில் பிஸ்கட் உண்டா என்பதைத்தான் கடுகு விடாமல் விசாரித்தாள்.

சீட்டி ஒரேயடியாகத் திரும்பி வந்துவிடவில்லை. முதலில் பாதிப் பாட்டுதான் படியேறி வந்தது. ஒருநாள் முழுப்பாட்டும் வந்தது. மறுநாள் காணோம். அதற்கடுத்த நாள் திரும்ப வந்தது.

ஒரு மழைநாள் மாலை, கதவில் புதிதாக ஒரு கோடு இருந்தது. கடுகின் கை எட்டாத உயரத்தில்.

அவள் பால் கோப்பையும் பிஸ்கட்டுமாக வந்து கதவோரம் உட்கார்ந்தாள்.

“சின்னக் கோடுதான்,” என்றது உள்ளிருந்து குரல்.

“பாத்தேன். அதான் பிஸ்கட் ஒண்ணே ஒண்ணு.”

“இன்னொண்ணு?”

“வர்ற வழியில காணாமப் போச்சு.”

உள்ளே அண்ணன் சிரித்தான். கடுகு வாயைத் துடைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

சத்தம் நீளமாகவே வந்தது.