முதல் நாள் முகம்

லிஃப்ட் பழுதானால் தில்லைநாயகிக்குப் பண்டிகை. நான்காவது மாடி நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூச்சிரைக்க ஏறி வரும் ஒவ்வொருவரையும் வழிமறிக்கலாம். எந்த மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எவள் புதுச் சங்கிலியைப் புடவைக்குள் மறைக்கிறாள் என்பதெல்லாம் அந்த வாரியக் குடியிருப்பில் அவளுக்குத்தான் முதலில் தெரியும். தன் கண்ணுக்குத் தப்பி இங்கே ஒரு எறும்புகூட ஊராது என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அந்தக் கண்ணில் மாட்டியிருந்தது ரேஷன் கடைக் கண்ணாடி. அங்கே எல்லாருக்கும் அதுதான். அவள் அப்பா காலத்தில் சோடாப் புட்டி கனத்துக்கு நிஜக் கண்ணாடியே போட்டார்கள். கீழே விழுந்தால் வீடே துக்கம் கொண்டாடும். காது ஒடிந்தால் நூல் கட்டி ஓட்டுவார்கள். அப்புறம் பிளாஸ்டிக் வந்தது, விலை இறங்கியது. இப்போது தன்சீர் வில்லை. பவர் ஏற ஏறத் தானே சரிசெய்துகொள்ளும். அரிசியோடு சேர்த்துச் சும்மாவே தருகிறார்கள்.

சும்மா தருவதில் எங்காவது சிக்கனம் பிடிக்கத்தானே செய்வார்கள். எல்லாவற்றையும் நொடிக்கு நொடி புதிதாய்க் காட்ட விலை கூடிய சில்லு வேண்டும். ரேஷன் கண்ணாடியில் இருந்ததோ ‘காட்சிச் சேமிப்பு’. ஓர் ஆளை முதன்முதலில் எப்படிப் பார்த்ததோ அப்படியே பத்திரப்படுத்திக்கொண்டு, பிறகு எப்போதும் அதையே காட்டும். சிரித்தால் சிரிக்கும், புடவை மாறினால் தெரியும்; உடம்பு மாறினால் தெரியாது. வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் புதுப்பிப்பு உண்டு.

இதை எதிர்த்து ஒருவரும் மனுப் போடவில்லை. யாருக்கும் நரைக்கவில்லை, யாருக்கும் தொப்பை விழவில்லை. மனுப் போட யாருக்குக் கிறுக்கு? நிலைக்கண்ணாடி முன் நின்றாலும் தில்லைக்குத் தெரிந்தது பல வருஷத்துக்கு முந்தைய தன் கொழுகொழு கன்னம்தான். ஒரே ஒரு வழக்கம் செத்துப்போனது. முன்பெல்லாம் இரண்டு பேர் சந்தித்தால் வாய் திறந்ததும் வருமே, “என்ன, இப்படி இளைச்சுட்ட?” என்று, அது. அதை யாரும் தேடவுமில்லை.

அந்த ஆடி மாதத்தில் பாத்திரம் கழுவும்போது தில்லையின் வளையல்கள் தாமாகவே கழன்று விழுந்தன. சோப்பு வழவழப்பு என்றாள். ரவிக்கைகள் தொளதொளத்தன. துணி நைந்துவிட்டது என்றாள். இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. வெயில் என்றாள். ஊரார் வீட்டு வாந்திக்கெல்லாம் காரணம் கண்டுபிடித்தவளுக்குச் சொந்த வயிறு பிடிபடவில்லை.

அன்றும் லிஃப்ட் ஓடவில்லை. ஐந்தாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஜெசிந்தா தண்ணீர் கேனோடு ஏறி வந்தவள், தில்லை எழுவதைப் பார்த்துக் கேனைக் கீழே வைத்தாள்.

“எந்திரிக்காதீங்கக்கா. உடம்புக்கு என்ன? வெறும் எலும்பா இருக்கீங்களே.”

வந்ததும் வராததுமாய் என்ன வாய் என்று தில்லை கொதித்தாள். ஜெசிந்தாவுக்கு மட்டு மரியாதை இல்லை என்று வீடு வீடாகச் சொல்லப் போனாள். போன இடமெல்லாம், உனக்கென்ன, கிண்ணென்றுதானே இருக்கிறாய் என்று தேற்றினார்கள். நாலாவது வாசலில் அவள் வாய் தானாக நின்றது. தேற்றியவர்கள் எல்லாரும் அவளைப் பல வருஷமாகப் பார்க்கிறவர்கள். ஜெசிந்தா ஒருத்திதான் அவளை இன்று முதல் தடவையாகப் பார்த்தவள்.

கணவர் பரமானந்தத்தை இழுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மாவுக்கும் அவள் புது முகம். வயிற்றை அழுத்திப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, எப்போதிருந்து இப்படி இளைத்தார் என்று கேட்டார். பரமானந்தம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“எப்பவும் போலத்தானே டாக்டர் இருக்கா?”

டாக்டர் படத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். கட்டி கல்லீரல் வரை போய்விட்டது என்றார். முன்பே யாராவது கவனித்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அதை முடிக்காமல் வலிக்கு மாத்திரை எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் தில்லை அவர் எதிரே உட்கார்ந்தாள். “என்னங்க, அதைக் கழட்டிட்டு ஒரே ஒரு தடவை என்னைப் பாருங்க.”

கழற்றினார். வில்லை இல்லாவிட்டால் அவருக்கு உலகமே புகை மூட்டம். மூக்கு இடிக்கும் வரை கிட்டே வந்தும் ஒன்றும் தெரியாமல் கையை நீட்டினார். விரல்கள் கன்னத்தைத் தேடிப் போய் எலும்பில் முட்டின. அங்கிருந்து கழுத்துக் குழியில் இறங்கி, அப்படியே நின்றுவிட்டன.

அவர் அழுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கண்ணாடியில் அவர் கன்னம் மழமழவென்று காய்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். விரல் நனைந்தது.

அவர் மேசையைத் தடவிக் கண்ணாடியை எடுத்து அவசரமாக மாட்டிக்கொண்டார். “ஒண்ணுமில்ல தில்லை. நல்லாத்தான் இருக்க. எனக்குத் தெரியுதே.”

மறுவாரம் தில்லை மறுபடி நடைவழியில் உட்கார்ந்திருந்தாள். ஏறி வந்தவர்கள் எல்லாரும் அப்படியே இருக்கிறாயே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் காத்திருந்தது ஜெசிந்தாவுக்கு. அவள் வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தி, இப்போது எப்படி இருக்கிறேன், பார்த்துச் சொல் என்றாள்.

ஜெசிந்தா நிதானமாகப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“அன்னிக்குப் பாத்த மாதிரியேதான் இருக்கீங்கக்கா. அதுக்கு மேல இளைக்கவே இல்ல.”