பச்சைப் புள்ளிக்காரி

மழைக்கு ஒதுங்கிய கடையில்தான் அந்தச் சண்டை ஆரம்பித்தது.

“எட்டுக் கொம்பு இருக்கே... இந்த ரவுட்டரையே குடுங்க!” என்றான் அவன்.

பக்கத்தில் முக்காட்டைப் பிழிந்துகொண்டிருந்த எல்நூராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீடு வீடாகப் போய் இணையம் மாட்டிக் கொடுப்பது அவள் வேலை. வாய் சும்மா இருக்குமா?

“சந்தையில கிடா வாங்குறீங்களா, கொம்பை எண்ணுறதுக்கு? வீட்டுச் சுவர் எப்படி?”

“மண்சுவர்... ஒரு முழம் கனம். ஏன், சம்பந்தம் பேச வர்றீங்களா?”

“அந்தச் சுவர்ல எண்பது கொம்பும் முட்டி மடங்கிடும். சின்னதா ரெண்டு ரவுட்டர் சேர்ந்த ஜோடிப் பெட்டி வாங்கி அறைக்கு ஒண்ணா வைங்க.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் இமை நுனியில் ஒரு மழைத்துளி... அது விழும்வரை அவன் கண்ணை எடுக்கவில்லை. பேர் உலான். ஜோடிப் பெட்டியையே வாங்கினான். மாட்டவும் அவளையே கூப்பிட்டான்.

அன்று அவள் தன் போனை இணைத்துச் சோதித்துவிட்டு, “வீட்டு ஆளுங்க போனுக்கெல்லாம் ரவுட்டர் பட்டியல்ல பேர் போட்டு வைங்க. வெளியாள் நுழைஞ்சா தெரிஞ்சிடும்,” என்று பாடம் நடத்திவிட்டு வந்தாள்.

அப்புறம் பிஷ்கெக் நகரின் கோடியில் இருந்த அந்த வீட்டில் ஒரே மாதத்தில் மூன்று முறை இணையம் செத்தது. மூன்று முறையும் ரவுட்டர் இருந்த இடம், மெத்தைகள் அடுக்கிய தகரப் பெட்டிக்குள்!

“தகரத்துக்குள்ள சிக்னல் மூச்சு விடுமா அபா?” என்று உலானின் அம்மா புருல் அபாவைக் கேட்டால், “விளக்கு கண்ணடிக்குதேம்மா... விருந்தாளிங்க என்ன நினைப்பாங்க?” என்று தேநீர் ஊற்றுவாள். எல்நூராவுக்குக் கோபமே வரவில்லை. அடுத்து எப்போது கெடும் என்றுதான் மனம் ஏங்கியது.

இன்று நான்காம் முறை. அபா ஒரு சிறிய டப்பாவைத் திறந்து காட்டினாள். நிச்சயத்துக்குப் போடும் தங்கத் தோடு!

“பையனுக்குப் பொண்ணு பாத்தாச்சு. அவ காதுல போட வேண்டியதுதான் பாக்கி.”

வாயிலிருந்த தேநீர் கசந்தது. யார் அவள்? மழையில் நனைந்து நனைந்து நான் வர, நோகாமல் வந்து தோடு மாட்டிக்கொள்ளப் போகிறவள்...

வேலையையாவது முடிப்போம் என்று ரவுட்டரை வெளியே எடுத்து வைத்துத் தன் போனில் அதன் பட்டியலைத் திறந்தாள். உலான். அபா. மூன்றாவது... ‘மருமகள்’. பக்கத்தில் பச்சைப் புள்ளி!

பச்சை என்றால் இந்த நிமிடம் இணைப்பில் இருக்கிறாள். இதே வீட்டில்! உள்ளறையிலா? என் குரலைக் கேட்டுச் சிரிக்கிறாளா?

“எல்லாம் சரியா இருக்கா?” என்று வந்து நின்றான் உலான்.

“உங்க வீட்டு மருமகப்பொண்ணு ரொம்ப சுறுசுறுப்புங்க... சொல்லவே இல்லையே!”

“அது... வந்து...”

“எனக்கென்ன வந்துச்சு?” பொருமிக்கொண்டே ‘தடை செய்’ என்பதை நறுக்கென்று அழுத்தினாள். போய்த் தொலையட்டும் அந்தப் பச்சைப் புள்ளிக்காரி!

பக்கம் வெளுத்தது. மறுபடி தட்டினாள். அசையவில்லை. இணைப்பு அறுந்து கிடந்தது... அவள் கையிலிருந்த போனிலேயே.

மெல்லத் தலை நிமிர்ந்தாள். உலானின் முகம் காதுவரை சிவந்திருந்தது.

“பேர் போடச் சொன்னது நீங்கதானே...”

“வீட்டு ஆளுங்களுக்குத்தானே சொன்னேன்! நான் வெளியாளாச்சே?”

“எழுதும்போது அப்படித் தோணலை எல்நூரா. கடையில என்னைக் கேலி பண்ணினியே... அன்னைக்கே உன்னைப் பிடிச்சுப்போச்சு. சொல்லத்தான் தைரியம் இல்லை.”

கண்ணில் நீர் முட்டியது அவளுக்கு. “கொஞ்ச நேரத்துல என்னை நானே எவ்வளவு சபிச்சுக்கிட்டேன் தெரியுமா? குடு உன் போனை!”

வாங்கித் தடையை நீக்கினாள். பச்சைப் புள்ளி மறுபடி எரிந்தது. பேரை மட்டும் அவள் மாற்றவில்லை.

“எனக்கும் அன்னைக்கேதான்...” என்றாள், தரையைப் பார்த்தபடி.

அடுக்களையிலிருந்து அபாவின் குரல் வந்தது.

“அப்போ இனிமே ரவுட்டரைத் தகரப் பெட்டிக்குள்ள வெக்க வேண்டாம்தானே?”