வெளியே போகாத குழாய்

"யாருங்க இங்க ஆரஞ்சு உரிச்சது?"

அவள் கேட்ட தொனியில், சோதனைக்கூட வாசலில் நின்றவன் வாயிலிருந்த சுளையை அப்படியே விழுங்கினான். பேருந்து நிறுத்தங்களில் காற்றைப் பிடித்து வரும் புது ஆள். பிடித்து வருவது விரல் நீளக் குழாய்களில். உள்ளிருக்கும் பொடி காற்றின் நச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவளுடைய இயந்திரம் சூடேற்றினால், பிடித்ததெல்லாம் வெளியே வந்து திரையில் கோடாக எழும்பும்.

"நச்சோட உங்க பழத்தையும் சேர்த்துப் பிடிச்சிருக்கும். எல்லாம் வீண். போய் மறுபடி எடுத்துட்டு வாங்க."

"ஒரு சுளைக்கு இவ்வளவு தண்டனையா?" சிரித்தான். கண்ணும் சேர்ந்து சிரித்தது... பாவி.

அதன்பிறகு வாரா வாரம் கையைக் கழுவி, நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். "மோந்து பாத்துக்கோங்க மேடம்." ஒரு மழைநாளில் குழாய்ப் பெட்டியைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்து வந்தான். இமையிலெல்லாம் மழைத்துளி... அன்று அவளுக்கு வேலையே ஓடவில்லை.

அடுத்த வாரம் திரையைப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. அவன் கொண்டுவந்த எல்லாக் குழாயிலும் லாவண்டர் வாசனைக் கோடு. மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"மறுபடியும் இவரா? இனி வேற ஆளை வச்சுக்கலாம்."

அவன் தன் கையை ஒருமுறை மோந்து பார்த்தான். முகம் வாடிப்போனது.

அவள் இன்னொரு குழாயை இயந்திரத்தில் ஏற்றினாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மேசையிலேயே இருக்கும், வெளியே போகவே போகாத வெற்றுக் குழாய். அதிலும் அதே லாவண்டர்... அவன் குழாய்களையும் இதையும் திறந்து ஏற்றியது அவள் கைதான். வாய் திறக்காவிட்டால் அவள் மானம் தப்பும், அவன் வேலை போகும்.

"சார்... தப்பு அவர் மேல இல்ல. நான்தான் கையில கிரீம் போட்டுட்டு வந்துட்டேன்."

"நீயாம்மா?" மேலாளர் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "சரி, மறுபடி எடுத்துடுங்க," என்று நகர்ந்துவிட்டார்.

"வாசனை கூடாதுன்னு கதவுல எழுதி ஒட்டினதே நீங்கதானே... ஏங்க போட்டீங்க?"

அவள் இயந்திரத்தைப் பார்த்தே சொன்னாள். "இன்னைக்கு நீங்க வர்ற நாள்... அதான். உங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு."

அவன் குழாய்ப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"நான் அன்னைலேர்ந்து ஆரஞ்சையே தொடலைங்க," என்றான் மெல்ல. "நீங்க திட்டாம ஒரு தடவை சிரிக்கணும்னு... கையைக் கழுவிட்டு வாங்க. சேர்ந்தே போய் எடுக்கலாம்."

தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, கைகளை அவன் முன் நீட்டினாள். மோந்து பார்க்க மறந்து, பிடித்துக்கொண்டான்.